வீட்டு வைன்: எங்கே பயப்பட வேண்டும்

புரட்டாதி பிறந்தால் எங்கள் தெருவில் நாலைந்து கராஜ் கதவுகள் இரவு பத்து மணி வரை திறந்தே கிடக்கும். ரொறன்ரோவில் பழைய இத்தாலியக் குடும்பங்கள் இருக்கிற தெரு என்றால் அப்படித்தான். கலிபோர்னியாவிலிருந்து வந்த 36 இறாத்தல் திராட்சைப் பெட்டிகள் சுவரோடு அடுக்கியிருக்கும், புளித்த பழ வாசம் நடைபாதை வரை வரும். பக்கத்து வீட்டுக் கிழவர் வேலிக்கு மேலால் நீட்டிய ஒரு கிளாஸில்தான் எனக்கு இந்தப் பைத்தியம் தொற்றியது. அடுத்த வருஷம் நானும் மூன்று பெட்டி வாங்கி வந்து இறக்கினேன். மாமி படியில் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, உது கசிப்புத்தானே? கண் போயிடும் எண்டு சொல்லுவினம்."

கசிப்பு என்றால் எங்கள் ஊரில் கள்ளமாகக் காய்ச்சுகிற சாராயம். நான் வைப்பது வைன், இப்போது ஆறு வருஷமாக வைக்கிறேன். எனக்கு நடந்த விபத்தெல்லாம் பாத்திரத்தாலும் போத்தலாலும் வந்தவை. குடித்ததால் மறுநாள் தலையிடியைத் தவிர ஒன்றும் வரவில்லை. முதல்முறை வைக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் மாமி பயந்த இடத்தில்தான் பயப்படுகிறார்கள், பயப்பட வேண்டிய இடத்தில் அசட்டையாக இருக்கிறார்கள். அதனால் வேலையின் ஒழுங்கிலேயே சொல்லிப் போகிறேன்.

முதலில் மாமியின் கேள்வி

கண்ணைப் பறிப்பது மெதனோல். பழத்திலுள்ள பெக்ரின் என்ற பசைப்பொருள் உடையும்போது எந்த வைனிலும் அது துளியளவு உண்டாகும். சிவப்பு வைனுக்குச் சர்வதேச வைன் அமைப்பு வைத்திருக்கும் உச்சவரம்பு லீற்றருக்கு 400 மில்லிகிராம். ஒழுங்காகப் புளிக்க வைத்த திராட்சை வைன் அதற்குக் கீழேதான் நிற்கும். 10 மில்லிலீற்றர் சுத்த மெதனோல் பார்வையைப் பறிக்கப் போதும் என்று வைத்துக்கொண்டாலும், அந்த உச்சவரம்பில் இருக்கிற வைனில் அவ்வளவும் சேர 20 லீற்றர் குடிக்க வேண்டும். அதற்கு வெகு முன்பே ஆள் வேறு விதத்தில் போய்விடுவார்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தது சாராயத்தில் மெதனோலைக் கலந்து விற்றதால். 1986இல் இத்தாலியிலும் இதே கதைதான். மலிவு வைனில் போதை ஏற்ற மெதனோலை ஊற்றினார்கள், இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். இரண்டிலும் நஞ்சு வெளியிலிருந்து வந்தது. ஆகவே விதி எளிது: வைனுக்குள் வெளி ஸ்பிரிட் எதையும் ஊற்றாதீர்கள், வைனை அடுப்பில் வைத்துக் காய்ச்சி வடிக்காதீர்கள். வடிப்பது உரிமம் இல்லாமல் கனடாவில் குற்றம். அதைவிட, சமையலறையில் மதுசார ஆவி தீப்பிடித்தால் என்ன நடக்கும் என்பதைச் சட்டப் புத்தகம் பார்த்துத்தான் அறிய வேண்டும் என்றில்லை.

சட்டம் என்றதும் இன்னொன்று. கனடாவில் வயது வந்தவர் தன் சொந்தத் தேவைக்கு வீட்டில் வைன் வைக்கலாம், விற்கக்கூடாது. ஒன்ராறியோவில் அந்த வயது 19. அமெரிக்க மத்திய சட்டத்தில் தனியாளுக்கு வருஷம் 100 கலன், இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு 200. தமிழ்நாட்டில் இருந்து வாசிக்கிறீர்கள் என்றால் நிலைமை வேறு: 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம், நத்தாருக்கு ஒரு சாடி என்றாலும். கேரளத்தில் அப்காரிச் சட்டமும் அப்படித்தான்.

ஏனம்

வைன் ஒரு அமிலம். புளி விட்ட கறியைப் பித்தளைச் சட்டியில் வைத்தால் என்ன ஆகும் என்று எங்கள் ஆச்சிமாருக்குத் தெரியும். இது அந்தப் புளி மாதக்கணக்கில் நிற்கிற வேலை. பித்தளை, செம்பு, அலுமினியம், நாகம் பூசிய வாளி நான்கும் வேண்டாம். ரோமர்கள் திராட்சைச் சாற்றை ஈயப் பாத்திரத்தில் வற்றக் காய்ச்சி அதை வைனுக்கு இனிப்பாகச் சேர்த்தார்கள், ஈயத்தையும் சேர்த்துக் குடித்தார்கள். ஊரிலிருந்து பத்திரமாக வந்த பழைய ஊறுகாய்ச் சாடியை எடுக்கத்தான் கை போகும். பழைய மெருகுப் பூச்சில் ஈயம் இருக்கக்கூடும், வெடிப்பு விட்டிருந்தால் அதற்குள் அழுக்கும் இருக்கும். அதை ஊறுகாய்க்கும் இனி விடவேண்டாம், அலுமாரியில் அழகுக்கு வையுங்கள்.

வாங்க வேண்டியது: உணவுக்கென்றே செய்த பிளாஸ்ரிக் வாளி ஒன்று, 30 லீற்றர், மூடியோடு. 23 லீற்றர் பிடிக்கும் கார்போய், அதாவது கழுத்துச் சிறுத்த பெரிய போத்தல். எயார்லொக் ஒன்று, அதாவது வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத அடைப்பு. சாறு இழுக்கும் சைபன் குழாய். ஹைட்ரோமீற்றர், அதாவது தண்ணீரோடு ஒப்பிட்டுச் சாற்றின் அடர்த்தியைக் காட்டும் மிதவை. கடைசியைச் சிலர் காசு மிச்சம் பிடிக்கிற சாமான் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். நானும் முதல் வருஷம் விட்டேன், அந்தக் கதை பின்னால் வருகிறது.

வாளியை 23 லீற்றருக்கு மேல் நிரப்பாதீர்கள். நுரையும் தோலும் பொங்கி எழும்பும். எயார்லொக் துவாரத்தில் தோல் அடைத்தால் மூடி கூரைக்குப் பறக்கும், மிச்சம் சுவருக்கு. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்த வாளி எப்போதும் மூடியோடு, பூட்டுள்ள அறைக்குள். அது பார்க்கச் சாறு மாதிரி இருக்கும், ருசியும் முதல் நாட்களில் சாறுதான். தவழ்கிற பிள்ளைக்குத் திறந்த வாளியே ஆபத்து, உள்ளே என்ன இருந்தாலும்.

கழுவலும் மருந்தும்

முதலில் அழுக்குப் போகக் கழுவ வேண்டும், பிறகுதான் கிருமி நீக்கி. அழுக்கின் மேல் ஊற்றிய மருந்து வீண்.

கடைகளில் கிடைப்பது பொற்றாசியம் மெற்றாபைசல்பைற்றுத் தூள். ஏனம் கழுவ 4 லீற்றர் தண்ணீருக்கு 50 கிராம் கரைப்பது வழக்கம். டப்பாவைத் திறந்து முகத்தை அதற்கு மேலே கொண்டுபோனால், தீக்குச்சி நூறைச் சேர்த்துக் கொளுத்தி மூக்கடியில் பிடித்த மாதிரி இருக்கும். அது கந்தக ஈரொட்சைட்டு. யன்னலைத் திறந்துவிட்டு, கையுறை போட்டு, கை நீட்டிய தூரத்தில் வைத்து அளவெடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையை வேறொருவரிடம் விடுவது நல்லது. அல்லது ஸ்டார் சான் போன்ற பொஸ்போரிக் அமிலக் கரைசலுக்கு மாறலாம்.

குளியலறை பிளீச்சை இந்தப் பக்கம் கொண்டுவரவே வேண்டாம். பிளீச்சோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். ஸ்டார் சான் அமிலம், வைன் அமிலம், சிற்றிக் அமிலம் பெயரிலேயே அமிலம். வாயு வராவிட்டாலும் பிளீச் பட்ட மரமும் தக்கையும் வைனுக்கு ஈரக் கடதாசி மணத்தைக் கொடுத்துவிடும்.

சைபனை வாயால் உறிஞ்சித் தொடங்குகிற பழக்கம் எங்கள் ஆட்களிடம் உண்டு, ட்ரக்டருக்கு டீசல் இழுத்த கை. குழாய்க்குள் மருந்துத் தண்ணீர் நின்றால் அது நேரே தொண்டைக்குப் போகும். தானாக இழுக்கும் பம்ப் வைத்த சைபன் மலிவாகக் கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

பழம்

பூஞ்சணம் பிடித்த குலையைத் தூக்கி எறியுங்கள், மற்றதை அலசி, காம்பு நீக்கி நசியுங்கள். நசித்த சாற்றுக்கு 4.5 லீற்றருக்கு ஒரு காம்ப்டன் குளிசை (அதே மெற்றாபைசல்பைற்று, குளிசையாக) பொடித்துப் போட்டால் சுமார் 50 பிபிஎம், அதாவது பத்து இலட்சத்தில் 50 பங்கு, சல்பைற்றுக் கிடைக்கும். மேலே துணி போட்டு 24 மணித்தியாலம் விட்டுவிட்டு ஈஸ்ட் போடலாம். 5 கிராம் பக்கெற் ஒன்று 23 லீற்றருக்குக் காணும். 35 முதல் 40 பாகை வெதுவெதுத் தண்ணீரில் கால் மணித்தியாலம் ஊறவிட்டு ஊற்றுங்கள். லால்வின் ஈசி-1118 என்பது பிடிவாதமான ஈஸ்ட், குளிருக்கும் அசையாது. புதியவருக்கு அதுவே போதும். பழத்தோலில் இருக்கிற காட்டு ஈஸ்டே போதும் என்று ஒரு கூட்டம் சொல்லும். பத்து வருஷம் வைத்தவர் அதைச் செய்யட்டும்.

திராட்சையின் நல்ல குணம் அதன் புளிப்பு. புளிப்பைக் காட்டும் அளவு பிஎச், எண் குறையக் குறையப் புளிப்புக் கூட. திராட்சையின் பிஎச் பெரும்பாலும் 3க்கும் 4க்கும் இடையில். பொட்டுலிசம் என்ற நச்சு நோயை உண்டாக்கும் கிருமி 4.6க்குக் கீழே வளராது. அதனால் திராட்சை வைனில் அந்தப் பயம் இல்லை. கிழங்கில் அப்படியில்லை. அமெரிக்காவின் யூட்டா மாநிலச் சிறையில் 2011இல் உருளைக்கிழங்கு போட்டு ஒளித்துப் புளிக்க வைத்த சாராயத்தைக் குடித்து எட்டுக் கைதிகளுக்குப் பொட்டுலிசம் வந்தது. முதல் மூன்று வருஷம் கிழங்கு, மரக்கறி எதையும் தொடாதீர்கள். புளிப்புக் குறைந்த வாழைப்பழம், பப்பாசி போன்றவற்றில் வைக்க ஆசை வந்தால் பிஎச் தாள் வாங்கி, டார்டாரிக் அமிலமோ தேசிக்காய்ப் புளியோ விட்டு 3.8க்குக் கீழே கொண்டுவந்த பிறகு ஈஸ்ட்டைப் போடுங்கள்.

செரி, பீச், பிளம் போன்றவற்றின் கொட்டையை உடைக்கக்கூடாது, உள்ளே இருக்கும் பருப்பு சயனைட்டு விடும். எல்டர்பெரியில் இலையும் காம்பும் அப்படியே. ருபார்பில் தண்டு மட்டும்தான், இலை நஞ்சு.

புளிக்கும்போது மேலே வெள்ளையாக மெல்லிய ஏடு படிந்தால் அது காற்றுப் பட்டதன் அடையாளம், ருசி கெடும், ஆள் சாகமாட்டார். பச்சையோ கறுப்போ நிறத்தில் மயிர் முளைத்த மாதிரி பூஞ்சணம் என்றால் மேலால் அள்ளிப் போட்டுவிட்டுத் தொடர வேண்டாம். முழுவதையும் ஊற்றிவிடுங்கள். மனம் கேளாது, தெரியும்.

வாயு

ஊரில் கள்ளு முட்டியைப் பார்த்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. சுண்ணாம்பு தடவின முட்டியில் இறக்கினால் கருப்பணி, தடவாமல் இறக்கினால் கள்ளு, நுரை பொங்கும். அந்த நுரைக்குள் இருப்பது கரியமில வாயு, பள்ளிக்கூடத்தில் படித்த காபனீரொட்சைட்டு. பனை உச்சியில் முட்டி திறந்த வெளியில் இருந்தது, வாயு காற்றோடு போனது. நாங்கள் அதைக் கொண்டுவந்து நிலக்கீழ் அறைக்குள் வைக்கிறோம்.

கணக்கைப் பாருங்கள். ஒரு லீற்றர் சாற்றில் 200 கிராம் சீனி என்றால் 23 லீற்றரில் 4.6 கிலோ. ஈஸ்ட் தின்ற சீனியில் பாதிக்குச் சற்றுக் குறைவு வாயுவாகப் போகும். அது சுமார் 2¼ கிலோ. அறை வெப்பத்தில் ஏறத்தாழ 1,200 லீற்றர் வாயு, பெரும்பகுதி முதல் பத்து நாளில். சாதாரண அளவு அறை, கதவு திறந்திருக்கிறது, ஒரு வாளி என்றால் பிரச்சினையில்லை. ஆனால் ரொறன்ரோ வீடுகளில் முன்வாசல் படிக்குக் கீழே சீமெந்துப் பெட்டி மாதிரி ஒரு குளிர் அறை இருக்குமே, அரிசி மூட்டையும் வெங்காயமும் வைக்கிற இடம்? வைனுக்கு நல்ல இடம் என்று எல்லோரும் அங்கேதான் வைப்பார்கள். இரண்டுக்கு மூன்று மீற்றர் அறை, உயரம் இரண்டேகால் என்றால் உள்ளே 13,000 லீற்றர் சொச்சம் காற்று. மூன்று வாளி வைத்தால் 3,600 லீற்றர் வாயு. குளிருக்கென்று காற்றுத் துவாரத்தைப் பழந்துணியால் அடைத்து, கதவையும் சாத்தினால்? காற்றில் 4 சதவீதமே உயிராபத்து என்று தொழில் பாதுகாப்பு அளவுகளில் வைத்திருக்கிறார்கள்.

இந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு பாரம். தாழ்ந்த இடத்தில் தேங்கும். நிலத்தில் படுக்கிற பிள்ளை, நாய், பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கிற ஆள், இவர்களுக்குத்தான் முதலில் எட்டும். வாடகைக்கு ஆள் இருக்கிற பேஸ்மென்டில், அதுவும் அவர் தூங்கும் அறைக்குப் பக்கத்தில், புளிக்க வைக்கவே கூடாது என்பது என் கண்டிப்பான அபிப்பிராயம்.

வீட்டில் காபனோரொட்சைட்டு அலாரம் இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். அது வேறு வாயு. அந்த அலாரம் காபனீரொட்சைட்டுக்கு மூச்சே விடாது. ஊரில் கிணறு இறங்க முன் விளக்கைக் கயிற்றில் இறக்கிப் பார்ப்பார்கள். இத்தாலியக் கிழவரும் மெழுகுதிரி கொண்டுதான் இறங்குகிறார். விளக்கு அணைந்தால் இறங்காதே என்பது சரி. அணையவில்லை, ஆகவே இறங்கலாம் என்பது பிழை. காற்றில் 10 சதவீதம் கரியமில வாயு இருந்தால் சில நிமிடத்தில் ஆள் மயங்கலாம், மெழுகுதிரி அந்தக் காற்றிலும் எரியக்கூடும்.

ஆகவே புளிக்கிற இரண்டு வாரமும் துவாரத்தைத் திறந்து வையுங்கள், கதவை நீக்கி வையுங்கள், வாசலில் ஒரு காற்றாடியை வெளியே பார்க்க வையுங்கள். உள்ளே போக முன் சில நிமிடம் கதவைத் திறந்து விடுங்கள். தோலை அமுக்கிவிட ஒரு நாளைக்கு இரண்டு தரம் போக வேண்டியிருக்கும். வாளிக்குள் தலையை விட்டு மணந்து பார்க்க ஆசை வரும், விடாதீர்கள். மூடிக்குக் கீழே நிற்பது கிட்டத்தட்ட வெறும் வாயு. மூக்குக்குள் சோடா ஏறின மாதிரிச் சுரீர் என்றால், தலை கனத்தால், மூச்சு வாங்கினால் வெளியே வாருங்கள். உள்ளே யாராவது விழுந்து கிடந்தால் ஓடிப்போய்த் தூக்கப் பார்க்காதீர்கள், கிணற்றில் முதல் ஆளைத் தூக்க இறங்கின இரண்டாவது ஆளும் செத்த கதைகள் எங்களிடம் நிறைய உண்டு. வெளியே நின்று கதவையும் யன்னலையும் திறந்துவிட்டு 911ஐ அழையுங்கள்.

கண்ணாடி

நிரப்பிய 23 லீற்றர்க் கண்ணாடிக் கார்போய் 30 கிலோ அளவு வரும். ஈரக்கையில் வழுக்கும். கழுத்தில் மாட்டுகிற பிடி வெறும் போத்தலைத் தூக்க மட்டும்தான், நிரம்பியதை அதில் பிடித்துத் தூக்கினால் கழுத்துக் கையோடு வரும். விழுந்து உடைந்தால் துண்டுகள் கத்தி மாதிரி, கைநரம்பு அறுந்தவர்கள் இருக்கிறார்கள். பால் பெட்டிக்குள் இறக்கி வைத்து இரண்டு பேர் தூக்குங்கள், அல்லது வைத்த இடத்திலேயே சைபனால் நிரப்பி அங்கேயே விடுங்கள். படியில் இறக்குகிற எண்ணம் இருந்தால் வெறுமையாக இறக்கி, கீழே நிரப்புங்கள்.

குளிர் அறையிலிருந்து எடுத்த கையோடு சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவப் போனேன் ஒருமுறை. 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம், அடித்தட்டு வட்டமாகக் கழன்று சிங்குக்குள் நின்றது. செருப்பில்லாத கால். அன்றோடு பிளாஸ்ரிக் கார்போய்க்கு மாறினேன். ருசியில் வித்தியாசம் கண்டுபிடிக்கிற நாக்கு எனக்கில்லை.

போத்தலில் அடைப்பது

இப்போது அந்த முதல் வருஷக் கதை. மாசியில் எயார்லொக்கில் குமிழ் நின்றுவிட்டது. முடிந்தது என்று நினைத்தேன். இனிப்புக் கொஞ்சம் இருந்தது, எங்கள் வாய்க்கு அது பிடித்தும் இருந்தது. பழைய திருகுமூடிப் போத்தல்களில் அடைத்துக் குளிர் அறையில் அடுக்கினேன். உண்மையில் ஈஸ்ட் சாகவில்லை, குளிரில் தூங்கிக்கொண்டிருந்தது. யூனில் வெயில் ஏற அது எழும்பியது. ஒரு இரவு இரண்டு மணிக்கு வெடிச்சத்தம். எங்கள் வீட்டில் அந்தச் சத்தத்துக்கு எல்லோரும் முதலில் நிலத்தில் படுத்தோம், பழக்கம். மூன்று போத்தல். அரிசி மூட்டையில் விரல் நீளத்துக்குக் கண்ணாடி ஏறியிருந்தது.

லீற்றருக்கு 4 கிராம் சீனி மிச்சமிருந்து போத்தலுக்குள் புளித்தால் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 24 கிராம் என்றால் ஆறு, அது ஷாம்பேன். ஷாம்பேன் போத்தலின் கண்ணாடி அந்த அழுத்தத்துக்கென்றே தடிப்பாக வார்த்தது. சாதாரண வைன் போத்தல் அதற்கில்லை.

குமிழை நம்பாதீர்கள், ஹைட்ரோமீற்றரை நம்புங்கள். தொடக்கத்தில் 1.090 அளவில் காட்டும். முடிந்த வைன் 0.990க்கும் 0.996க்கும் இடையில் நிற்கும். சில நாள் இடைவெளி விட்டு மூன்று தரம் அளந்து மூன்றும் ஒன்றாக இருந்தால், அறை 20 பாகை அளவில் இருந்தால், முடிந்தது. 1.010இல் அசையாமல் நின்றால் அது முடியவில்லை, சிக்கி நிற்கிறது. சூடான இடத்துக்கு மாற்றிப் பொறுத்திருங்கள்.

இனிப்பு வேண்டும் என்றால் முழுக்க முடிந்து தெளிந்த பிறகு, பொற்றாசியம் சோர்பேற்றும் மெற்றாபைசல்பைற்றும் இரண்டுமே சேர்த்து, அதற்குப் பிறகு சீனி. 4.5 லீற்றருக்கு சோர்பேற்று அரைத் தேக்கரண்டி, சல்பைற்று ஒரு குளிசை. சோர்பேற்று ஈஸ்ட்டைக் கொல்லாது, பெருக விடாது, அவ்வளவுதான். கலங்கலான வைனில் ஈஸ்ட் நிறைய மிதக்கும்போது அது வேலைக்கு உதவாது. தூளைக் கொட்ட முன் வைனைக் கலக்கி வாயுவை வெளியேற்றுங்கள். வாயு நிரம்பிய வைனில் தூள் பட்டால் முகத்துக்கு நேரே பொங்கும்.

அடைத்த போத்தலில் சந்தேகம் வந்தால், மூடி வீங்கினால், தக்கை மேலே எழும்பினால்: கண்ணைக் காக்கும் கண்ணாடி, தடித்த கையுறை போட்டுக்கொண்டு, தடித்த துவாயால் சுற்றி மெதுவாகக் குளிர்ப்பெட்டிக்கு. ஒரு இரவு குளிர்ந்த பிறகு வெளியே கொண்டுபோய், துவாயைக் கழற்றாமல், முகத்தை விலக்கி, மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள்.

குடிக்க முன்

சக்கையை வெளியே கொட்டும்போது நாய்க்கு எட்டாமல் கொட்டுங்கள். திராட்சையும் அதன் தோலும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

வீட்டு வைன் இலேசானது என்று ஒரு எண்ணம் எங்கள் விருந்துகளில் உண்டு. ஹைட்ரோமீற்றர் காட்டிய தொடக்க அளவிலிருந்து முடிவு அளவைக் கழித்து 131 ஆல் பெருக்குங்கள், மதுசாரச் சதவீதம் வரும். 1.090இல் தொடங்கி 0.995இல் முடிந்தால் பன்னிரண்டரைச் சதவீதம். 1.105 என்றால் பதினாலரை. கனடாவில் ஒரு குடி என்று கணக்கிடுவது 12 சதவீத வைன் 142 மில்லிலீற்றர், அது நாங்கள் விருந்தில் ஊற்றுகிற கிளாஸில் பாதி. கார்ச் சாவியை அதற்கேற்ப யாரிடமாவது கொடுத்து வையுங்கள்.

ஒவ்வொரு போத்தலிலும் ஒரு துண்டு மறைப்பு நாடாவில் பேனையால் எழுதுங்கள்: அடைத்த திகதி, தொடக்க அளவு, முடிவு அளவு, "சல்பைற்று உண்டு". கடைசி இரண்டு சொல் ஆஸ்துமாக்கார விருந்தாளிக்கு. எங்கள் வீட்டுப் போத்தல்களில் இப்போது ஐந்தாவதாக ஒரு வரி மாமியின் கையெழுத்தில் இருக்கிறது: "வைன். கசிப்பு இல்லை."